குற்றத்துக்கு முன் சிகிச்சையா, பின் பதிவேடா?

குழந்தைகள்மீது பாலியல் ஈர்ப்பு உள்ள எல்லோரும் குற்றம் செய்வதில்லை; குழந்தைகளிடம் அத்துமீறிய அனைவருக்கும் அந்த ஈர்ப்பு இருப்பதுமில்லை. பெர்லினின் சாரிட்டே மருத்துவமனை 2005இல் தொடங்கிய திட்டம் இந்த வேறுபாட்டின்மீதே நிற்கிறது. தாமாக முன்வருவோருக்கு அங்கே பெயர் வெளியாகாமல் இலவசச் சிகிச்சை கிடைக்கிறது. குழந்தையோடு தனித்திருக்கும் சூழலைத் தவிர்க்கவும், 'குழந்தையும் விரும்பியது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பொய்யை உடைக்கவும் பயிற்சி தருகிறார்கள். தேவையானால் பாலுணர்வைத் தணிக்கும் மருந்தும் உண்டு. நடந்து முடிந்த குற்றத்தை மருத்துவர் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும் என்ற கட்டாயம் ஜெர்மனியில் இல்லாததால்தான் இது இயல்கிறது. ஆனால், தண்டனைக்குத் தப்பியவரும் அங்கே வந்து அமரலாம் என்பது பாதிக்கப்பட்ட குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால் நெஞ்சை அறுக்கிறது.

அமெரிக்காவில் 1996இல் நாடு தழுவியதாக்கப்பட்ட மேகன் சட்டம், பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றுப் பதிவேட்டில் இடம்பெற்றவரின் விவரங்களை அக்கம்பக்கத்தாருக்கு அறிவிக்கிறது. பெற்றோரின் அச்சம் நியாயமானது. எனினும், அத்துமீறுபவர்களில் பெரும்பாலோர் குழந்தைக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்கள். முதன்முறை குற்றம் செய்பவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது. நியூ ஜெர்சியைப் பற்றி 2008இல் வெளியான ஆய்வும் அச்சட்டத்தால் மறுகுற்றங்கள் குறைந்ததாகக் காணவில்லை.

பெர்லின் திட்டத்தின் பலனும் இன்னும் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவில்லை. ஆயினும், ஒரு குழந்தை காயப்படுவதற்கு முன்பே தலையிட வாய்ப்புள்ள வழி அதுவே என்பதால், அரசுப் பணம் முதலில் அங்கேதான் செல்ல வேண்டும் என்று கருதுகிறேன்.