புதுசு என்று சொல்லிப் பழைய ஜிபிஎஸ்ஸை விற்கிறார்கள்

மலேசியாவில், பேராக் சுங்கை சிப்புட் பக்கம் சைக்கிளில் சுற்றுகிறவர்கள், காட்டுக்குள் நடக்கிறவர்கள் கையடக்க ஜிபிஎஸ் வாங்குவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். புகார் விசாரணையில் இருப்பதால் கடைப்பெயரைப் போடவில்லை.

நான் கேட்டது கார்மின் கம்பெனியின் ஈட்ரெக்ஸ் 20எக்ஸ் மாடல். கைப்பேசி இருக்க இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். லாசா தாண்டி கோலா மூ பக்கம் நாள் முழுக்கத் திரையை எரியவிட்டுப் பாருங்கள், மதியத்துக்குள் கைப்பேசி படுத்துவிடும். ஈட்ரெக்ஸுக்கு இரண்டு ஏஏ பாட்டரி போதும், 25 மணி நேரம் வரை ஓடும் என்கிறது கம்பெனி. தீர்ந்தால் எந்த ஒட்டுக்கடையிலும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

"கடைசி செட் தம்பி, இனிமே இந்த மாடல் வராது" என்றார் கடைக்காரர். அதில் பொய் இல்லை, 2019இலேயே இதற்குப் பதிலாக 22எக்ஸ் வந்துவிட்டது. விலை 750 வெள்ளி (ரிங்கிட்). மலேசிய மேப்புக்கு "லைசென்ஸ்" என்று தனியாக 180 வெள்ளி.

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் குலுங்கக் குலுங்க அது அணைந்துகொண்டே இருந்தது. மூடியைத் திறந்தால் பாட்டரி தொடும் ஸ்பிரிங்கில் பச்சைத் துரு. கடைக்குக் கொண்டுபோனேன். "செம்பனை ஓலைக்குக் கீழே சிக்னல் வராது தம்பி, அதான்" என்கிறார். அடர்ந்த மரத்தடியில் இடம் கொஞ்சம் தள்ளிக் காட்டும், அவ்வளவுதான். சிக்னல் இல்லை என்று எந்த ஜிபிஎஸ்ஸும் தானாக அணைவதில்லை.

அப்புறம்தான் கணினியில் செருகிப் பார்த்தேன். உள் நினைவகம் 1.7 ஜிபி. 20எக்ஸில் 3.7 ஜிபி இருக்க வேண்டும். 1.7 என்பது அதற்கு முந்தைய 20 மாடலின் கணக்கு. கார்மின் ஃபோல்டரில் உள்ள 'கார்மின் டிவைஸ்' கோப்பிலும் ஈட்ரெக்ஸ் 20 என்றே இருந்தது. முகப்பில் 20க்குப் பக்கத்தில் இருந்த எக்ஸ் எழுத்தை நகத்தால் சுரண்டினேன், ஸ்டிக்கர்! பெட்டி மட்டும் அசல் 20எக்ஸ் பெட்டி. அதிலிருந்த சீரியல் எண் வேறு, கருவிக்குள் இருந்த எண் வேறு.

மேப் கதை இதைவிட மோசம். செட்டிங்கில் மேப்பின் பெயரைப் பார்த்தால் மல்சிங்மேப்ஸ். மலேசிய, சிங்கப்பூர் ஆர்வலர்கள் சேர்ந்து உருவாக்கி, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கொடுக்கிற மேப் அது. ஊரார் உழைப்பை மெமரி கார்டில் போட்டு 180 வெள்ளி பார்த்திருக்கிறார். கருவியைவிட இதுதான் எனக்கு அதிகம் எரிகிறது.

பணம் கொடுக்குமுன் பாட்டரி மூடியைத் திறக்கச் சொல்லுங்கள், பெட்டியின் எண்ணோடு கருவியின் எண்ணைச் சரிபாருங்கள். கடையில் கணினி இருந்தால் அங்கேயே செருகிப் பார்க்கலாம். மறுத்தால் வந்துவிடுங்கள். மேப்புக்குத் தனிக் காசு கேட்டாலும் அப்படியே.

பாதிப் பணம் தருவதாகக் கடைக்காரர் சொன்னார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. அங்கே எனக்கு இழுபறியாக இருப்பது ரசீது. அதில் "ஜிபிஎஸ் 1" என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்கள் வாங்கும்போது மாடல் பெயரையும் சீரியல் எண்ணையும் ரசீதிலேயே எழுதி, கடை முத்திரையோடு வாங்குங்கள்.