கொழும்பு வெக்கையில் பேஸ் பயிற்சி: நெஞ்சுப் பட்டியோடு சில பருவங்கள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த நீள்தூர ட்ரையத்லானுக்கு அடித்தளம் போடும் பேஸ் பயிற்சியை இந்த வருடமும் தொடங்கியாயிற்று. சில பருவங்களாக என்னோடு வரும் ஒரு பொருளைப் பற்றி எழுத இது நல்ல நேரம்: நெஞ்சில் கட்டும் இதயத் துடிப்புப் பட்டி. இந்தக் காலத்தில் சைக்கிளில் பாதி மாறிவிட்டது, சப்பாத்துகள் பல தேய்ந்துவிட்டன, கைக்கடிகாரமும் புதிது. இந்தப் பட்டியை மட்டும் விட மனம் வரவில்லை.

முதலில் பருவத்தைச் சொல்லவேண்டும். இணையத்தில் கிடைக்கும் பேஸ் திட்டங்கள் பெரும்பாலும் குளிர்காலத்தை நினைத்து எழுதப்பட்டவை. வெளியே பனி, வீட்டுக்குள் சைக்கிளை நிறுத்தி மிதிக்கும் ட்ரெய்னர், வெயில் வந்ததும் வீதிக்கு. கொழும்பில் அந்தக் கணக்கு சரிவராது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரங்களில் இடியோடு மழை கொட்டும், அதனால் விடியற்காலைதான் நம்முடைய நேரம். டிசம்பர் நடுப்பகுதியில் இருந்து காலைக் காற்று கொஞ்சம் காய்ந்து, வெப்பநிலை 22, 23 பாகைக்கு இறங்கும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கிட்டவே போக முடியாத கல்கிசைக் கடலும் அடங்கிவிடும். திருவெம்பாவைக்குக் கோயில் மணி அடிக்கும் நேரத்தில் வெள்ளவத்தையில் இருந்து கொள்ளுப்பிட்டிப் பக்கம் மரைன் டிரைவில் ஓடுவதைப் போல ஒரு சுகம் வருடத்தில் வேறு எந்த மாதத்திலும் இல்லை. 2018இல் கொழும்பில் முதன்முதலாக நடந்த அயர்ன்மேன் 70.3 ட்ரையத்லான் போட்டியும் பெப்ரவரியில்தான் வந்தது. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். அந்த மாதத்தைக் குறிவைப்பவர் மழைக்குள்ளேயே பேஸை முடித்தாக வேண்டும்.

இனி பட்டிக்கு வருவோம். பேஸ் பயிற்சி என்றால் மணிக்கணக்காக, ஆனால் இலேசாக. தசைக்குள் இரத்த நுண்குழாய்கள் பெருகவும், சக்தியை உண்டாக்கும் மைட்டோகொண்ட்ரியா கூடவும், உடம்பு கொழுப்பை எரித்து ஓடப் பழகவும் இந்த இலேசான மணித்தியாலங்கள் தேவை. எது இலேசு என்பதை வேகத்தை வைத்துச் சொல்ல முடிந்தால் கடிகாரமே போதும். கொழும்பில் அப்படிச் சொல்ல முடியாது. ஈரப்பதம் கூடிய காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து போகிறது, உடம்பு ஆறுவதில்லை. சூட்டை வெளியேற்ற இரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குத் திரும்புகிறது. வியர்த்து வியர்த்து இரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைகிறது. ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் இரத்தம் குறைய, துடிப்பின் எண்ணிக்கை ஏறுகிறது. அதே வேகம், அதே வீதி, ஆனால் ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு துடிப்பு பத்துப் பதினைந்து கூடி நிற்கும். கால் இலேசு என்கிறது, இதயம் இல்லை என்கிறது. நான் இதயத்தின் பக்கம்.

இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருபவருக்கு இது இன்னும் முக்கியம். பயிற்சியை விட்ட சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு குறையத் தொடங்குகிறது, பழைய வேகத்துக்குத் துடிப்பு எகிறுகிறது. அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. அந்த நீர்ப்பகுதி விரைவாகத் திரும்பி வரும், வெக்கைக்கு உடம்பு பழகுவதும் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் நடக்கும். அதுவரை துடிப்பின் எல்லைக்குள் நின்று, தேவையானால் நடந்தும் போகலாம். சுதந்திர சதுக்கத்தைச் சுற்றும்போது எல்லோரும் நம்மை முந்திப் போவார்கள். போகட்டும்.

எல்லையை எப்படி வைப்பது? பயிற்சியாளர் ஃபில் மாஃபெட்டோன் சொன்ன 180இல் இருந்து வயதைக் கழிக்கும் முறையில்தான் நான் தொடங்கினேன். அவருடைய வழியில் பயிற்சி செய்த ட்ரையத்லான் வீரர் மார்க் அலன் 1989இல் தொடங்கி ஹவாய் அயர்ன்மேன் உலகப் போட்டியை ஆறு தடவை வென்றார். 220இல் இருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணிக்கும் முறையை நான் நம்புவதில்லை, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறிவிடும். எந்தச் சூத்திரத்தையும் விட, முழு வசனமாகக் கதைத்துக்கொண்டே ஓட முடிகிறதா என்று பார்ப்பது மேல். அப்புறம் அந்த நேரத்துத் துடிப்பைக் குறித்து வையுங்கள். சைக்கிளில் அதே உழைப்புக்குத் துடிப்பு சற்றுக் குறைவாகவே இருக்கும், அதற்குத் தனி எல்லை வேண்டும்.

மணிக்கட்டில் துடிப்பை அளக்கும் கைக்கடிகாரத்தின் பச்சை ஒளி போதாதா என்று பலர் கேட்கிறார்கள். ஓடும்போது ஓரளவு போதும். ஆனால் வியர்வையில் கடிகாரம் வழுகினால் சில நேரம் அது துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்குகிறது. காலி வீதியில் சைக்கிளில் களுத்துறை போய்த் திரும்பும் ஏறக்குறைய 70 கிலோமீட்டரில், கைப்பிடியின் அதிர்வும் மணிக்கட்டின் மடிப்பும் சேர்ந்து அதை இன்னும் குழப்பும். நெஞ்சுப் பட்டி இதயத்தின் மின்சைகையையே பிடிப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

நீடித்து உழைப்பதைப் பற்றிச் சொன்னால், பட்டியில் மாட்டும் கருவிப் பகுதி இன்னும் புதிதுபோல இருக்கிறது. துணிப் பட்டிதான் நம் ஊர் வியர்வைக்குத் தாக்குப்பிடிப்பதில்லை. உப்பு ஏறி, இலாஸ்டிக் தளர்ந்து, எண்கள் தாறுமாறாகக் குதிக்கும். அந்த நிலை வந்தால் பட்டியை மட்டும் மாற்றினால் போதும், ஆகவே வாங்கும்போதே இரண்டும் கழரும் வகையைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீரில் அலசி, அவ்வப்போது மென்மையான சவர்க்காரம் போட்டு, முறுக்காமல் நிழலில் காயவிடுகிறேன். கருவியை ஈரப் பட்டியிலேயே மாட்டி வைத்தால் அது உறங்காமல் பற்றரியைத் தின்றுவிடும். ஏசி அறையில் ட்ரெய்னர் ஓட்டும்போது கட்டுவதற்கு முன் பட்டியை நனைக்க வேண்டும், வெளியே நாலு நிமிடத்தில் வியர்வையே அதைச் செய்துவிடும்.

நீச்சலுக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். புளூடூத் சைகை தண்ணீருக்குள் போகாது, சுவரை உதைத்துக் கிளம்பும்போது பட்டியும் இடுப்புக்கு இறங்கிவிடும்.

இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா புளொக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு மேலே சொன்ன எந்த எண்ணும் பொருந்தாது. அந்த மருந்து துடிப்பையே கட்டிப்போடும். அவர்கள் தங்கள் எல்லையை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொண்டு பட்டியை வாங்கட்டும்.