கமாண்டோ கத்தி என்று 8,500 ராண்டை விட்டேன்

8,500 ராண்ட். நேற்று மத்தியானம் பார்சலைப் பிரித்ததிலிருந்து மண்டைக்குள் இந்தத் தொகைதான் ஓடுகிறது.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் கத்தி சேர்ப்பவர்கள் இருந்தால் படியுங்கள். என்னிடம் முப்பத்தெட்டு இருக்கின்றன. முதல் கத்தி தாத்தாவுடைய ஒகாபி மடக்குக் கத்தி. பிடியில் பிறையும் நட்சத்திரமும் பதித்தது, சோலிங்கன் முத்திரை போட்ட ஜெர்மன் சாமான். கரும்புத் தோட்டத்துக்குப் போகும்போது இடுப்பிலேயே இருக்குமாம். அப்புறம்தான் ராணுவக் கத்திப் பைத்தியம் பிடித்தது.

பழைய பொருள் விற்கும் இணையச் சந்தை ஒன்றில் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் வைத்திருந்த ஃபேர்பேர்ன்-சைக்ஸ் கத்தி, முதல் வகை என்று ஒருவன் போட்டிருந்தான். 1941இல் வில்கின்சன் ஸ்வோர்ட் கம்பெனி செய்தது. படத்தில் எல்லாம் சரி: எஸ் மாதிரி வளைந்த கைக்காப்பு, அலகின் அடியில் சதுரமாகத் தட்டையான இடம், அதில் பொறித்த எழுத்து. அசல் இதைவிடப் பல மடங்கு விலை போகும். தெரிந்தேதான் ஏமாந்தேன்.

போனில் "வணக்கம் அண்ணா" என்று தமிழில் ஆரம்பித்தான். இங்கே சின்ன வயதுக்காரர்கள் யார் தமிழ் பேசுகிறார்கள்? அங்கேயே விழுந்துவிட்டேன். உம்கேனி ரோடு கோயிலில் காவடி எடுத்தானாம். செத்துப்போன அப்பாவின் கத்தியாம். "நம்ம ஆளுங்ககிட்ட போனா சந்தோஷம்ண்ணா." பொருள் வந்து சேரும்வரை பணத்தைப் பிடித்து வைக்கும் வசதி அந்தச் சந்தையில் உண்டு. கமிஷன் வீண், வேண்டாம் என்றான். சரி என்று அவன் வங்கிக் கணக்கிலேயே இ.எஃப்.டி.யில் நேராகப் போட்டேன், 8,500.

வந்தது என்ன? நேரான காப்பு. பிடி முழுக்க வளையம் வளையமாக, 1943 வாக்கில் வந்த மூன்றாம் வகை மாதிரி. அதுவாவது அசலா? நகத்தால் சுரண்டினேன், கறுப்புப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்தது. அலகு பார்சல் காகிதத்தைக்கூடக் கிழிக்கவில்லை.

கேட்டால், "கூரியர்காரன் மாத்தியிருப்பான் அண்ணா." சாயங்காலம், "அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்." எந்த அப்பாவிடம்? ராத்திரி என் நம்பரையே பிளாக் செய்துவிட்டான். சந்தைக்காரர்களுக்கு மூன்று முறை எழுதினேன். வெளியே கொடுத்த பணத்துக்குப் பொறுப்பில்லை என்று மூன்று முறையும் அதே வரி. பணம் வாங்கியவர் சம்மதித்தால்தான் திருப்ப முடியும் என்கிறது வங்கி. சம்மதிப்பானா அவன்! போலீஸில் கேஸ் நம்பர் கிடைத்தது, கூடவே ஒரு சிரிப்பும்.

எப்படித் தப்பிப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. அன்றைய தேதி எழுதிய காகிதத்தோடு படம் கேளுங்கள். கையில் எடுத்துப் பார்க்காமல் பணம் போடாதீர்கள். தமிழ் பேசுகிறான் என்று உருகாதீர்கள்.

வீட்டில் 2,000 என்றுதான் சொல்லியிருக்கிறேன்.