ஞானப்பல்லை ஊரில் எடுப்பதென்றால் முதல் வாரமே போங்கள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் கல்யாணம், கோயில், துணிக்கடை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசி வாரத்தில்தான் பல் டாக்டரைத் தேடுகிறார்கள். ஞானப்பல்லுக்கு அது சரிப்படாது. வீக்கம் உச்சத்துக்குப் போவதே இரண்டாம், மூன்றாம் நாள். குழியில் உறைந்த ரத்தக்கட்டு பெயர்ந்து எலும்பு வெளியே தெரியும் ‘டிரை சாக்கெட்’ வலியும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் தலைகாட்டும். பட்டுநூல் தையல் என்றால் பிரிக்க ஒரு வாரம் ஆகும்.

சின்ன ஊர்களில் கிளினிக் வைத்திருப்பவர் பி.டி.எஸ். டாக்டராக இருப்பார், எலும்புக்குள் புதைந்த பல்லுக்கு எம்.டி.எஸ். முடித்த வாய் அறுவை நிபுணரை வரவழைப்பார். அவர் வரும் நாளைப் போனிலேயே கேட்டு வையுங்கள். அவர் போன பிறகு ரத்தம் நிற்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து ரிப்போர்ட் கொண்டுவருகிறவர்களுக்கு ஒன்று. அங்கே பற்களுக்கு 1 முதல் 32 வரை எண். கீழ் வலது ஞானப்பல் 32. இங்கே பெரும்பாலும் வாயை நான்கு பாகமாகப் பிரித்து எண்ணும் எஃப்.டி.ஐ. முறை, அதே பல் 48. இந்த முறையில் 32 என்றால் கீழே இடப்பக்க முன்பல்! கீழ் இடது ஞானப்பல் அங்கே 17, இங்கே 38. எண்ணைச் சொல்வதோடு விடாமல் விரலால் தொட்டுக் காட்டுங்கள். இன்சூரன்ஸுக்கான பில்லில் எந்த முறை எண் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

இரண்டு தாடையும் ஒரே படத்தில் விழும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் வேர் கீழ்த்தாடை நரம்பை ஒட்டித் தெரிந்தால், முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். வீண் செலவு என்று தட்டாதீர்கள். அந்த நரம்பு அடிபட்டால் உதடும் மோவாயும் மரத்துப்போகும்.

பல் எடுத்ததும் வைக்கும் பஞ்சை அரை மணியாவது அழுத்திக் கடித்திருக்க வேண்டும். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவோ துப்பவோ கூடாது. இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் ரத்தக்கட்டு பெயர்ந்து வந்துவிடும். டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். சிகரெட் வேண்டவே வேண்டாம். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதியிருந்தால் மதுவும் கூடாது. மேல் பல் எடுத்தபோது அதற்கு மேலே இருக்கும் சைனஸ் காற்றறையில் துளை விழுந்திருந்தால் மூக்கைச் சிந்தாதீர்கள்; டாக்டர் சரி சொல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

டிரை சாக்கெட் வந்தால் வலி மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. கிளினிக்கில் குழியைச் சலைனால் கழுவி, கிராம்பு எண்ணெய் கலந்த மருந்தை வைப்பார்கள். காதுவரை இழுத்த வலி அன்றைக்கே தணியத் தொடங்கும்.