48 மெகாபிக்சல், 16 எக்ஸ் ஜூம் என்று போட்ட பெட்டியைப் பார்த்துக் கேமரா வாங்கிவிடாதீர்கள்

தங்கச்சி வளைகாப்புக்கு நாமே படம் எடுத்துவிடலாம் என்று போன மாதம் மதுரையில் ஒரு கடையில் புதுக் கேமரா வாங்கினேன். 11,500 ரூபாய். பெட்டியில் 48 மெகாபிக்சல் (ஒரு மெகாபிக்சல் என்றால் படத்தில் பத்து லட்சம் புள்ளிகள்), 16 எக்ஸ் ஜூம், ஆன்டி ஷேக் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முதன்முதலாகக் கேமரா வாங்கும் யாரும் என்னைப் போல ஏமாறக்கூடாது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"ஜூம் நல்லா வருமாண்ணே?" என்று கேட்டேன். கடைக்காரர் கேமராவை வாசல் பக்கம் திருப்பிப் பட்டனை அழுத்தினார். எதிரே இருந்த மருந்துக்கடை போர்டு திரை முழுக்க வந்து நின்றது. "பாத்தீங்களா சார், பதினாறு மடங்கு" என்றார். அந்தச் சின்னத் திரையில் எல்லாமே பளிச்சென்றுதான் தெரிந்தது. நான் லென்ஸைப் பார்த்திருக்க வேண்டும்.

வளைகாப்பு அன்று வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சம்தான். அப்பத்தா தங்கச்சி கையைப் பிடித்து வளையல் போடும்போது, கூட்டத்துக்குப் பின்னால் நின்று ஜூம் வைத்து எடுத்தேன். ராத்திரி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், அப்பத்தா முகம் மெழுகு உருகினாற்போல இருக்கிறது. கண்ணாடி வளையல் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே பச்சைப் பட்டை. நூற்றுச் சொச்சம் படங்களில் பிரிண்ட் போட ஒன்றுகூடத் தேறவில்லை. அப்பத்தாவுக்கு 86 வயது. பணம் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

எங்கள் தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. நேராக லென்ஸின் முன் வளையத்தைத் திருப்பிக் காட்டினார். 'எஃப் = 7.36 மி.மீ.' என்று ஒரே ஒரு எண். எஃப் என்பது லென்ஸின் குவியத் தூரம், அது கூடினால்தான் எதிரே இருப்பது கிட்டே தெரியும். "தம்பி, நிஜ ஜூம்னா இங்க ரெண்டு எண் இருக்கும்" என்றார். 18-55 என்று இருந்தால் பெரியதைச் சின்னதால் வகுக்க வேண்டும், சுமார் மூன்று மடங்கு. அதுதான் ஆப்டிகல் ஜூம், லென்ஸே கிட்டே இழுத்துக் காட்டுவது. ஒரே எண் இருந்தால் அந்த லென்ஸுக்கு ஜூம் கிடையாது. என் கேமராவில் இருந்தது டிஜிட்டல் ஜூம், அதாவது படத்தின் நடுவிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஊதிப் பெரிதாக்குவது, அவ்வளவுதான். 16 மடங்கு என்றால் அகலத்தில் 16இல் ஒரு பங்கு, உயரத்திலும் 16இல் ஒரு பங்கு. மொத்தப் புள்ளிகளில் 256இல் ஒரு பங்குதான் நிஜம். அப்பத்தா முகம் ஏன் அப்படி ஆனது என்று அப்போதுதான் புரிந்தது.

அப்புறம் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, 48இல் ஒன்று, 12இல் ஒன்று எடுக்கச் சொன்னார். 12இல் படிக்க முடியாத எழுத்தை 48இலும் படிக்க முடியவில்லை. ஃபைல் அளவு மட்டும் ஏறியிருந்தது. பெட்டியின் அடிப்பக்கம் பொடி எழுத்தில் விஷயம் இருந்தது: சென்சார், அதாவது லென்ஸ் வழியே வரும் ஒளியைப் படமாக்கும் சில்லு, 13 மெகாபிக்சல், 48 என்பது 'இன்டர்போலேஷன்'. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கேமரா தானாக இட்டு நிரப்பிக்கொள்வதற்குத்தான் இந்தப் பெயர். உண்மையில் 8க்கு 12 அங்குலப் பிரிண்டுக்கே, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், 2400 பெருக்கல் 3600, சுமார் 86 லட்சம் புள்ளிகள் போதும். ஒழுங்கான 9 மெகாபிக்சல் இருந்தால் தாராளம்.

கேட்க வேண்டியது சென்சார் எவ்வளவு பெரியது என்பதைத்தான். என்னுடையது 1/3 அங்குல வகை, 4.8க்கு 3.6 மி.மீ., ஓர் உளுந்து அளவு. லென்ஸை மாற்றிப் போடக்கூடிய சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் ஏறக்குறைய 23க்கு 15 மி.மீ., தபால்தலை மாதிரி. வீட்டு வெளிச்சத்தில் உளுந்தளவு சென்சாருக்குக் கிடைக்கும் ஒளி கொஞ்சம்தான். படத்தை வெளிச்சமாக்கிக் காட்டும் ஐஎஸ்ஓ அளவை ஏற்றினால் படம் மணல் தூவினாற்போல ஆகும், கூடுதல் நேரம் ஒளியை உள்ளே விட ஷட்டரை மெதுவாக்கினால் அசைகிற கை கலங்கும். ஆன்டி ஷேக் இதற்கு உதவாது. நல்ல கேமராவில்கூட அது நம் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், எதிரே இருப்பவர் அசைவதை அல்ல.

திருப்பிக் கொடுக்கப் போனேன். "பெட்டில போட்டதுதான சார் உள்ள இருக்கு" என்றார் கடைக்காரர். வேண்டுமானால் 3,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறாராம். பில் கேட்டேன், தரவில்லை. வாங்கிய அன்று கொடுத்தது மாடல் பெயர்கூட இல்லாத எஸ்டிமேட் சீட்டு. ஒரு வருட வாரண்டி என்று அதன் பின்னால் பேனாவில் எழுதியிருந்ததை நம்பிவிட்டேன். பொருளுக்குப் பில் தராததையே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக முறை என்கிறது. எனக்கு இது தாமதமாகத்தான் தெரிந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன், யுபிஐயில் பணம் போன விவரத்தையும் பெட்டியின் நாலு பக்கப் படங்களையும் சேர்த்து. பதில் இன்னும் வரவில்லை.

வாங்கப் போகும்போது உங்கள் மெமரி கார்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்குள்ளேயே, வெளிச்சம் குறைந்த மூலையில், ஜூம் இல்லாமல் ஒன்று, முழு ஜூமில் ஒன்று எடுங்கள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் 100 சதவீத அளவில் வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் பணத்தோடு போங்கள். கார்டு போட விடமாட்டேன் என்றால் அந்தக் கடையில் வாங்க வேண்டாம்.