சோபே படகா, ஒக்கவாங்கோ தோணியா?

போட்ஸ்வானாவுக்குக் கிளம்புகிறவர்கள் பலரை இழுப்பது ஒரே படம்தான்: ஒக்கவாங்கோ டெல்டாவின் அல்லி பூத்த நீரில் மொகோரோ என்ற ஒடுக்கமான தோணி, பின்னால் நின்று கழியூன்றித் தள்ளும் ஒருவர். அந்தத் தோணியில் உட்கார்ந்தபடியே யானைக் கூட்டங்களைப் பார்த்துவிடலாம் என்று நம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

யானைதான் வேண்டும் என்றால் சோபே தேசியப் பூங்கா. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை உட்காட்டுக் குட்டைகள் வற்றிவிடுவதால் யானைகள் சாரைசாரையாகச் சோபே ஆற்றில் இறங்கும். கசானே ஊரிலிருந்து மாலையில் புறப்படும் மோட்டார் படகுகள் செடுடு தீவை ஒட்டிச் செல்லும். இந்தப் புல்திட்டுக்காக நமீபியாவும் போட்ஸ்வானாவும் சர்வதேச நீதிமன்றம் வரை போயின. 1999-இல் தீர்ப்பு போட்ஸ்வானா பக்கம் வந்தது. யானைகளுக்கு இந்த எல்லைத் தகராறு ஒரு பொருட்டல்ல. துதிக்கையை மேலே தூக்கிக்கொண்டு, குட்டிகளை நடுவில் விட்டு நீந்திக் கடக்கின்றன. கரையோரம் காட்டெருமை, முதலை, நீர்யானை. எரிச்சலூட்டுவது ஒன்றுதான்: ஒரே யானையை மொய்க்கும் படகுகள்.

மொகோரோவில் அந்த இரைச்சல் இல்லை. ஆனால் பெரிய விலங்குகளும் அருகில் இருக்காது. ஆழத்தில் நீர்யானை கிடக்கும் என்பதால் தோணிக்காரர் ஆழமற்ற கால்வாய்களை விட்டு விலகமாட்டார். நகக்கண் அளவுத் தவளை நாணலில் ஒட்டியிருப்பதை அவர் காட்டுவார்; தூரத்தில் லெச்வே மான்கள் தண்ணீரைச் சிதறடித்து ஓடும். சிறுத்தை, காட்டுநாய் பார்க்க ஆசையிருந்தால் பக்கத்திலுள்ள மொரேமி காப்பகத்தில் ஜீப்பில் இரண்டு நாளாவது சுற்ற வேண்டும். பட்டவானா மக்கள் 1963-இல் தாங்களாகவே முன்வந்து ஒதுக்கிய காடு அது.

பருவத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒக்கவாங்கோவில் பெருகுவது அங்கோலா மலைகளில் பெய்த மழை. அது மாதக்கணக்கில் நகர்ந்து வருவதால், உள்ளூரில் சொட்டு மழையில்லாத ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் வெள்ளம் உச்சத்தில் இருக்கும். சோபே களைகட்டும் அக்டோபரில் இங்கே பல கால்வாய்கள் வற்றத் தொடங்கியிருக்கும்.

செலவில் சோபே எளிது. விக்டோரியா அருவியிலிருந்து கசானே சுமார் 80 கிலோமீட்டர்தான். ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களும் உண்டு. ஒக்கவாங்கோவின் உள்முகாம்கள் பலவற்றுக்குச் சிறு விமானம்தான் வழி. கட்டணம் தலைசுற்ற வைக்கும். மவுன் ஊரிலிருந்து ஒரு நாள் மொகோரோ பயணம் மட்டும் போனால் கையைக் கடிக்காது.

இரண்டுக்கும் வசதிப்பட்டால் ஆகஸ்டில் போகலாம், மொகோரோவை முதலில் வைத்துக்கொண்டு. சோபேயில் நூறு யானைகளைப் பார்த்துவிட்டு வந்தவருக்குத் தவளையைத் தேடும் பொறுமை இருக்காது.