தொட்டி வாங்கிய அன்றே மீனையும் கட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை எழும்பாமல் போனதில் இருந்து பகல் முழுக்க ஹாலில் நாற்காலியில்தான் இருக்கிறார். டிவி பார்த்தால் தலை வலிக்கிறது என்பார். "ஒரு மீன் தொட்டி வையுங்களேன், பார்த்துக்கிட்டு இருப்பார்" என்று பிசியோதெரபி செய்ய வருகிற தம்பி சொன்னார். எங்கள் வீடு சென்னை வியாசர்பாடியில். வளர்ப்பு மீன் கடை என்றால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் கொளத்தூர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன்.

நான் ஏமாந்த கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. கொளத்தூரில் நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கடைசியில் எனக்கு வழி சொன்னதும் அவர்களில் ஒருவர்தான். ஆனால் எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது, அதனால் இதை எழுதுகிறேன்.

"2 அடி செட்டு அண்ணா. ஸ்டாண்டு, லைட்டு, ஃபில்டர், கல்லு, செடி, மீனு எல்லாம் சேர்த்து 5,200" என்றார் கடைக்காரர். எத்தனை மீன் விடலாம் என்று கேட்டேன். "பன்னிரண்டு தாராளமா விடலாம்" என்று சொல்லி அவரே பிடித்துப் போட்டார். கோல்டு ஃபிஷ் நாலு, வெள்ளி மினுங்குகிற சார்க் நாலு, ரோஸும் பச்சையுமாகக் கலர் விடோ நாலு. "பாசியைச் சாப்பிட்டுடும்" என்று ஒரு சக்கர் மீனையும் சேர்த்தார். அன்று மாலையே தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஆன்டி குளோரின் நாலு சொட்டு விட்டு, மீனையும் விட்டாயிற்று. அப்பா அன்று ராத்திரி பதினொரு மணி வரைக்கும் தூங்கப் போகவில்லை.

வியாழக்கிழமை காலையில் அவர்தான் கூப்பிட்டார். "டேய், எல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குது பாரு." கோல்டு ஃபிஷ்கள் தண்ணீர் மட்டத்தில் நின்று காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. செவுள் ரத்தச் சிவப்பாக இருந்தது. சாயங்காலத்துக்குள் இரண்டு போய்விட்டன.

கடைக்குப் போன் செய்தேன். "தண்ணி முழுசா மாத்துங்க, ஃபில்டர் ஸ்பான்ஜைக் குழாயில நல்லா அலசுங்க, வாரா வாரம் இப்படிச் செய்யணும்" என்றார். சொன்னபடியே செய்தேன். அடுத்த வாரம் மூன்று மீன் செத்தது. அதற்கு நீல மருந்து ஒரு பாட்டில், மஞ்சள் மருந்து ஒரு பாட்டில், "ஜோடி குறைஞ்சிடுச்சு" என்று புது மீன். பிறகு மோட்டார் சரியில்லை என்று இன்னொரு மோட்டார். ஆறு வாரத்தில் இப்படி 2,900 ரூபாய் போனது. ஒவ்வொரு முறையும் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து அதே தொட்டியில் அதே தவறைத்தான் செய்துகொண்டிருந்தேன். அது அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தேதான் விற்றார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கலர் விடோ விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாதம் திரும்புவதற்குள் ரோஸ் நிறம் வயிற்றுப் பக்கத்தில் இருந்து வெளுக்க ஆரம்பித்தது. அந்த நிறம் மீனுடையது இல்லை. வெள்ளை விடோ டெட்ரா மீனுக்குச் சாயம் ஏற்றி விற்கிறார்கள், சிலவற்றுக்கு ஊசியிலேயே ஏற்றுகிறார்களாம். இரண்டு விரல் அகலம்கூட இல்லாத உயிர் அது. இது தெரிந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் கொளத்தூரிலேயே, வீட்டு மொட்டை மாடியில் சிமெண்ட் தொட்டி கட்டி மீன் வளர்க்கிற ஓர் அம்மாவைத் தெரிந்தவர் மூலம் பார்த்தேன். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தண்ணி பழகறதுக்கு எத்தனை நாள் விட்டீங்க தம்பி?"

ஒரு நாள்கூட விடவில்லை. எல்லாச் சாவுக்கும் காரணம் அதுதான். மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியே விடுகிறது. மிச்சத் தீனி அழுகினாலும் அம்மோனியாதான். அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுவதற்கு பாக்டீரியா வேண்டும். அது ஃபில்டர் ஸ்பான்ஜில் மெதுவாகத்தான் குடியேறும், நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அந்த அம்மா தண்ணீர் பழகுவது என்று சொன்னது இதைத்தான். அதுவரைக்கும் ஃபில்டர் ஓடினாலும் அழுக்கைப் பிடிக்குமே தவிர விஷத்தை எடுக்காது. நான் வாரா வாரம் ஸ்பான்ஜைக் குளோரின் கலந்த மெட்ரோ தண்ணீரில் அலசி, குடியேறிய கொஞ்சத்தையும் கொன்றுகொண்டிருந்தேன். போதாததற்கு நம் ஊர்ச் சூடு வேறு. தண்ணீர் சூடாகவும் காரத்தன்மை கூடியும் இருந்தால் அதே அளவு அம்மோனியா மீனை இன்னும் கடுமையாகத் தாக்கும்.

ஒரு டெஸ்ட் கிட் வாங்கினேன். சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அம்மோனியா இல்லை என்றால் மஞ்சளாகவே இருக்கும். என் குழாய் முருங்கைக்கீரைப் பச்சைக்குப் போய் நின்றது. கிட்டோடு வந்த நிற அட்டையோடு வைத்துப் பார்த்தால் 4. இருக்க வேண்டியது 0.

அன்றைக்கே இன்ச் டேப் எடுத்துத் தொட்டியையும் அளந்தேன். 2 அடி என்று விற்றது 22 இன்ச் நீளம், 9 இன்ச் அகலம், 12 இன்ச் உயரம். விளிம்பு வரை நிரப்பினாலும் 39 லிட்டர்தான் பிடிக்கும். நியாயமான 24க்கு 12க்கு 12 தொட்டி என்றால் 56 லிட்டர். கல்லைப் போட்டு, மேலே இரண்டு இன்ச் விட்டால் எனக்கு மிஞ்சியது முப்பதுக்குக் கொஞ்சம் மேல். அதில் பதின்மூன்று மீன்! ஒரே ஒரு கோல்டு ஃபிஷ்ஷுக்கே 75 லிட்டராவது வேண்டும் என்கிறார்கள். அந்த சார்க், ஓட்டல்களில் பாசா என்று போடுகிறார்களே, அந்த மீனின் குஞ்சு. ஆந்திராவில் பெரிய குளங்களில் வளர்த்துச் சாப்பாட்டுக்கு அனுப்புவது. மூன்று அடிக்கு மேல் வளரும். ராத்திரி லைட்டை அணைத்ததும் மிரண்டு போய்க் கண்ணாடியில் டொப் டொப்பென்று மோதும் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சக்கரும் ஓர் அடிக்கு மேல் போகும்.

பில்லோடு போய்க் கேட்கலாம் என்று தேடினால், கடைக்காரர் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் கடைப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, ஆனால் காட்டுவதற்குக் கையில் ஏதாவது காகிதம் இருக்க வேண்டாமா? நேரில் போய்க் கேட்டதற்கு, "எல்லாரும் இப்படித்தாண்ணா எடுத்துட்டுப் போறாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த குடும்பத்துக்கு மீன் பிடித்துப் போட ஆரம்பித்துவிட்டார். கூட ஒரு சின்னப் பையன் நின்றிருந்தான். நான் அவன் அப்பாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் தொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

உயிரோடு மிஞ்சிய ஒரு கோல்டு ஃபிஷ், இரண்டு சார்க், சக்கர் எல்லாவற்றையும் அந்த அம்மா தன் பெரிய தொட்டிகளுக்கு எடுத்துக்கொண்டார். வளர்க்க முடியவில்லை என்று ரெட்டேரி ஏரியிலோ ஓட்டேரி நாலா கால்வாயிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். சக்கர் எந்தத் தண்ணீரிலும் பிழைத்துப் பெருகி, அங்கே இருக்கிற நம் மீன்களை ஒழித்துவிடும்.

தொட்டியை மாற்றவில்லை, ஃபில்டரை மாற்றினேன். ஏர் பம்ப்பில் ஓடுகிற சாதாரண ஸ்பான்ஜ் ஃபில்டர்தான். அந்த அம்மா தன் பழைய ஸ்பான்ஜ் ஒன்றைப் பிழிந்து, அந்தக் கலங்கல் தண்ணீரை ஒரு கவரில் கட்டிக் கொடுத்தார். "பார்க்க அழுக்கா இருக்கும், ஆனா இதுதான் மருந்து" என்றார். அதை ஊற்றி, மீன் இல்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டுக் காத்திருந்தோம்; அது அழுகி வருகிற அம்மோனியாதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. வெறும் தண்ணீரை அப்பா ஐந்து வாரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் கப்பி மூன்று, இரண்டு வாரம் கழித்து இன்னும் மூன்று. உப்புத் தூக்கலான நம் பக்கத்துத் தண்ணீருக்கும் சூட்டுக்கும் கப்பியும் மோலியும் தாங்கும். இப்போது வாரம் கால்வாசித் தண்ணீர்தான் மாற்றுகிறேன். ஸ்பான்ஜைத் தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே மெதுவாகப் பிழிகிறேன், குழாய்ப் பக்கம் கொண்டுபோவதே இல்லை.

டெஸ்ட் கிட்டை அப்பா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சொட்டு விட்டுக் கொடுத்தால், நிறத்தைப் பார்த்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இடது கையால் எழுதி வைக்கிறார். போன வாரமும் 0. எழுத்து கோணலாகத்தான் இருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது.